செய்தி ஆங்கிலத்தில் 'எ', 'தி', ஹைபன்: எங்கே, ஏன்?

நீங்கள் எழுதிப் பழகிய செய்தி மூன்றே வரி. மேலூர் அருகே லாரி மோதி 35 வயது ஆண் ஒருவர் இறந்தார், ஓட்டுநர் தப்பியோடிவிட்டார், இறந்தவரின் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறார். ஆங்கிலத்தில் 'லாரி ஹிட் 35 இயர்ஸ் ஓல்ட் மேன்' என்று தொடங்கியிருக்கிறீர்கள். திருத்தியவர் அதை 'எ லாரி ஹிட் எ 35-இயர்-ஓல்ட் மேன்' என்று மாற்றி, டிரைவருக்கு முன்னால் 'தி' சேர்த்து, மகள் பற்றிய வரியில் எதையும் தொடாமல் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறார். 'தி மேன் வாஸ் 35 இயர்ஸ் ஓல்ட்' என்று எழுதினால் ஹைபன் என்னும் கோடும் வேண்டாம், 'இயர்ஸ்' என்பதும் சரி என்கிறார். விதி என்ன என்று கேட்டால் "படிக்கப் படிக்கப் பிடிபடும்" என்கிறார். பிடிபடவில்லை, எதை நினைவில் வைத்து எழுதுவது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆங்கில நாளிதழ் ஒன்றின் டெஸ்க்கில், அதாவது செய்தி திருத்தும் பிரிவில், இருபத்தொரு ஆண்டுகள் பிறர் எழுதிய செய்திப் பிரதியை, எங்கள் பேச்சில் 'காப்பி'யை, திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் மொழியியல் படித்தவன் அல்ல. ஆனால் தமிழ் பேசும் நிருபர்கள் எந்த இடத்தில் தடுக்குகிறார்கள் என்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு 'எ', 'தி' என்ற கருத்து புரியாததால் அந்தப் பிழை வருவதில்லை. அந்தக் கருத்து தமிழில் வேறு இடத்தில், வேறு வேடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

'புத்தகம் வாங்கினேன்' என்று ஒருவர் சொல்கிறார். 'புத்தகத்தை வாங்கினேன்' என்று இன்னொருவர் சொல்கிறார். முதலாமவர் வாங்கியது ஏதோ ஒரு புத்தகம். இரண்டாமவர் வாங்கியது அவரும் கேட்பவரும் முன்பே பேசிக்கொண்ட புத்தகம். 'அந்த' என்ற சொல்லே இல்லாமல் 'ஐ' என்னும் உருபு அந்த வேலையைச் செய்துவிட்டது. ஆங்கிலத்தில் முதலாவது 'எ புக்', இரண்டாவது 'தி புக்'. ஆக, 'தி' உங்களுக்குப் புதிதல்ல. சிக்கல் எழுவாயில்தான். 'லாரி மோதியது' என்னும்போது ஏதோ ஒரு லாரியா, முன்பு சொன்ன லாரியா என்பதைக் காட்டும் உருபு தமிழ் எழுவாய்க்குக் கிடையாது. வேண்டுமானால் 'லாரி ஒன்று' என்போம், வேண்டாவிட்டால் விட்டுவிடுவோம். அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் முதல் வாக்கியம் வெறும் 'லாரி'யோடு தொடங்கிவிட்டது. என் மேசைக்கு வந்த காப்பிகளிலும் 'எ' விடுபட்ட இடங்களில் பெரும்பாலானவை வாக்கியத்தின் முதல் சொல்லாகவே இருக்கும்.

சோதனை ஒன்றுதான். இந்தப் பெயர்ச்சொல்லைப் படித்ததும் வாசகர் 'எந்த லாரி?' என்று கேட்பாரா? அவருக்கு இன்னும் தெரியாது என்றால் 'எ'. கேட்கத் தேவையே இல்லாதபடி அது அவர் மனதில் ஏற்கெனவே இருந்தால் 'தி'. முதல் முறை 'எ', இரண்டாம் முறை 'தி' என்று பள்ளியில் சொல்லித்தருவது இதன் சுருக்கம்தான். சுருக்கம் என்பதால் உங்கள் இரண்டாவது வரியில் அது உதவவில்லை. டிரைவர் அங்கே முதல் முறையாகத்தான் வருகிறார். ஆனாலும் 'தி டிரைவர்' என்பதுதான் சரி. ஏனென்றால் லாரி வந்தபோதே அதன் ஓட்டுநரும் வாசகரின் மனதுக்குள் வந்துவிட்டார். ஒரு லாரிக்கு ஓட்டுபவர் ஒருவர்தானே. அங்கே 'எ டிரைவர்' என்று எழுதினால் சம்பந்தமில்லாத வேறொரு ஓட்டுநர் ஓடிப்போனதாக வாசகர் திகைப்பார். அதே லாரியின் டயர் வெடித்திருந்தால் 'எ டயர்' என்றுதான் எழுத வேண்டும். டயர்கள் பல, வெடித்தது எது என்று வாசகருக்குத் தெரியாது. ஒரே லாரி, இரண்டு பெயர்ச்சொற்களும் முதல் முறை, ஒன்றுக்கு 'தி', மற்றதற்கு 'எ'. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் நீண்ட விதிப் பட்டியல் வேண்டியதில்லை.

தவறினால் என்ன ஆகும் என்பதை என் வேலையின் இரண்டாம் ஆண்டில் தெரிந்துகொண்டேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் மனைவி நடத்திய இலவசப் பயிற்சி வகுப்பைப் பற்றிய சிறு செய்தி. 'தி ஒய்ஃப் ஆஃப்' என்று வர வேண்டிய இடத்தில் 'எ ஒய்ஃப் ஆஃப்' என்று விட்டுவிட்டேன். 'எ' என்றால் பலரில் ஒருவர். அந்த மனிதருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் என்று ஊர் முழுவதும் படித்தது. மறுநாள் காலை அந்த அம்மாள் அலுவலகத்துக்கே நேரில் வந்தார். கோபப்படவில்லை. செய்தித்தாளை மடித்து என் மேசைமேல் வைத்து, அந்த ஒற்றை எழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார். திருத்தம் வெளியிட்டோம். அதற்குப் பிறகு உறவுமுறைச் சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'தி' எதையும் நான் சரிபார்க்காமல் விட்டதில்லை.

அளவைச் சொல்லும் இரண்டு சொற்களும் இதே அளவு ஆபத்தானவை. 'ஃபியூ வோட்டர்ஸ் டர்ன்ட் அப்' என்றால் வாக்காளர்கள் அதிகம் வரவில்லை என்ற குறை. 'எ ஃபியூ வோட்டர்ஸ்' என்றால் சிலர் வந்தார்கள் என்ற தகவல். தமிழில் 'சிலரே வந்தனர்' என்பதற்கும் 'சிலர் வந்தனர்' என்பதற்கும் உள்ள வேறுபாடு அது. நாம் ஏகாரத்தால் செய்வதை அவர்கள் 'எ'யை எடுத்துவிட்டுச் செய்கிறார்கள். 'லிட்டில்', 'எ லிட்டில்' இரண்டும் அப்படியே. தலைப்புகளில் இடம் கருதி 'எ', 'தி' எல்லாவற்றையும் எடுத்துவிடுவது செய்தித்தாள் மரபு. அதைப் பார்த்துவிட்டுச் செய்தியின் உடலிலும் எடுத்துவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. ஆனால் இந்த 'எ ஃபியூ'வைத் தலைப்பில்கூடத் தொடக்கூடாது. தொட்டால் செய்தியே தலைகீழாகிவிடும்.

இவ்வளவு சிறிய சொல் இவ்வளவு சுமக்குமா என்று தோன்றினால் இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். 1969 ஜூலையில் நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங், 'ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன்' என்று சொன்னதாகவே உலகம் கேட்டது. 'எ' இல்லாத 'மேன்' மனித இனம் முழுவதையும் குறிக்கும். அப்படியானால் அடுத்து வரும் 'மேன்கைண்ட்' என்பதும் அதே பொருள்தான். சிறு அடிக்கும் பெரும் பாய்ச்சலுக்கும் உள்ள எதிர்நிலை குலைந்துவிடுகிறது. 'எ மேன்' என்று சொல்லவே எண்ணியதாக அவர் பின்னர் விளக்கினார். ஒலிப்பதிவில் அந்த 'எ' தெளிவாகக் கேட்பதில்லை என்பது உறுதி. அவர் சொன்னது அலைவரிசையில் அமுங்கிவிட்டதா, சொல்லவே இல்லையா என்பதில் கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது.

இரண்டாவது இன்னும் கனமானது. 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை ஒருமனதாக நிறைவேற்றிய 242-ஆம் தீர்மானம், அண்மைப் போரில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது. ஆங்கில வடிவத்தில் 'ஃப்ரம் டெரிட்டரீஸ் ஆக்குபைட்' என்றுதான் இருக்கிறது. 'டெரிட்டரீஸ்' முன்னால் 'தி' இல்லை. 'தி' இல்லாததால் எல்லாப் பகுதிகளிலிருந்தும் என்று பொருளாகாது என்றது ஒரு தரப்பு. பிரெஞ்சு வடிவத்தில் 'தி'க்கு இணையான சொல் இருக்கிறது, எனவே எல்லாப் பகுதிகளும்தான் என்றது மற்றது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த வாதம் ஓயவில்லை. எந்தத் தரப்பு சரி என்பது சட்ட வல்லுநர்களின் வேலை, என்னுடையது அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'கைப்பற்றிய பகுதிகளிலிருந்து' என்று தமிழில் எழுதியவுடன் இந்தச் சண்டையே கண்ணில் படாமல் போய்விட்டது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இதன் மறுபக்கம் நடக்கிறது. தமிழ்க் காப்பியில் திறந்து கிடக்கும் ஒரு கேள்விக்கு ஆங்கிலத்தில் நீங்கள் விடை சொல்லியே ஆக வேண்டும்.

'எ'யா 'ஆன்'னா என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அடுத்த சொல்லின் எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். உயிரொலியில் தொடங்கினால் 'ஆன்'. ஓர் ஊர், ஓர் ஆண்டு, ஒரு மரம் என்று நாம் எழுதுவதும் இதே காரணத்தால்தான். எனவே ஆன் எம்எல்ஏ, ஆன் எஃப்ஐஆர், ஆன் ஐஏஎஸ் ஆஃபீசர், ஆன் 18-இயர்-ஓல்ட், ஆன் அவர். ஆனால் எ யுனிவர்சிட்டி, எ யூரோப்பியன், எ ஒன்-டே மேட்ச். ஏனெனில் இவை எழுத்தில் உயிராகத் தோன்றினாலும் ஒலியில் 'ய', 'வ' என்றே தொடங்குகின்றன. தமிழருக்கு இங்கே தனியாக ஒரு பொறி உண்டு. நம்மில் பலர் 'எம்எல்ஏ'வை 'யெம்மெல்லே' என்று உச்சரிக்கிறோம். அந்த 'ய'கரத்தை நம்பினால் 'எ எம்எல்ஏ' என்று கை எழுதிவிடும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் நாக்கைவிட அகராதியின் உச்சரிப்புக் குறியை நம்புங்கள்.

பெயர்களுக்கு முன்னால் 'தி' வருமா என்பதில் விதி கொஞ்சம், வழக்கம் அதிகம். ஆறுகளுக்கு உண்டு, தனி ஏரிகளுக்கு இல்லை: தி வைகை, ஆனால் வெறும் செம்பரம்பாக்கம் லேக். தி நீல்கிரிஸ், தி மெட்ராஸ் ஹைகோர்ட். தி யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ், ஆனால் வெறும் அண்ணா யுனிவர்சிட்டி. எழுத்து எழுத்தாக உச்சரிக்கும் அமைப்புகள் பெரும்பாலும் 'தி' கேட்கும். தி டிஎம்கே, தி சிபிஐ என்பது போல. ஒரு சொல்லாகவே உச்சரிப்பவை, இஸ்ரோ, நாசா போன்றவை, கேட்பதில்லை. 1991-இல் விடுதலை பெற்ற உக்ரைனுக்கு முன்னால் பழைய வழக்கப்படி 'தி' போடுவது இன்று தவறு. தி காம்பியாவுக்கு அதை எடுப்பது தவறு. 1878-இல் சென்னையில் தொடங்கிய தி ஹிந்து நாளிதழின் பெயரிலேயே 'தி' இருக்கிறது. அதன் நிருபரை 'எ ஹிந்து ரிப்போர்ட்டர்' என்று எழுதினால் அவரது மதத்தைச் சொன்னதாகிவிடும். 'எ ரிப்போர்ட்டர் வித் தி ஹிந்து' என்று வாக்கியத்தைத் திருப்பிப்போடுவதுதான் வழி. இவற்றைத் தர்க்கத்தால் பிடிக்க முயல வேண்டாம். ஒவ்வொன்றாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஹைபன். இங்கேயும் தமிழ் உங்களுக்குத் துணை நிற்கும். கிராமத்தில் எல்லாரும் 'நூறு நாள் வேலை' என்கிறோம். 'நூறு நாட்கள் வேலை' என்று யாரும் சொல்வதில்லை. 'ஐந்து நாள் வேலைநிறுத்தம்' என்கிறோம். ஆனால் 'வேலைநிறுத்தம் ஐந்து நாட்கள் நீடித்தது' என்று சொல்லும்போது பன்மை வந்துவிடுகிறது. எண்ணும் அளவும் சேர்ந்து அடுத்த பெயருக்கு அடைமொழியாகும்போது பன்மை விகுதி உதிர்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே: எ ஃபைவ்-டே ஸ்டிரைக், எ 35-இயர்-ஓல்ட் மேன், எ 600-ஃபுட்-டீப் போர்வெல். பெயருக்குப் பின்னால் பயனிலையாக வந்தால் அந்தச் சொற்கள் தனித்தனியாக நிற்கின்றன. பன்மை திரும்புகிறது, கோடு தேவைப்படுவதில்லை. உங்கள் திருத்துநர் செய்தது இதுதான்.

கோடு ஏன் வேண்டும்? 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. நடுவில் ஒற்று சேர்ந்ததும் பொருள் மாறிவிட்டது. தமிழில் ஒற்று செய்வதை ஆங்கிலத்தில் ஹைபன் செய்கிறது: எந்த இரண்டு சொற்களை ஒன்றாகச் சேர்த்துப் படிப்பது என்று வாசகருக்குக் காட்டுகிறது. 'ஹெவி-வெஹிக்கிள் டிரைவர்' என்றால் கனரக வாகன ஓட்டுநர். கோட்டை எடுத்துவிட்டால் வாகனம் ஓட்டும் கனமான மனிதர் என்றும் படிக்கலாம். ஒரு முறை சாராயப் பறிமுதல் செய்தியில் 'டூ ஹண்ட்ரட் லிட்டர் டிரம்ஸ்' என்று வந்தது. நூறு லிட்டர் பிடிக்கும் இரண்டு டிரம்களா, இருநூறு லிட்டர் பிடிக்கும் டிரம்களா? பிடிபட்ட அளவு இதைப் பொறுத்து மாறும். நள்ளிரவில் நிருபரை எழுப்பிக் கேட்டேன். நூறு லிட்டர் டிரம் இரண்டு. 'டூ 100-லிட்டர் டிரம்ஸ்' என்று, ஓர் எண்ணைச் சொல்லாலும் மற்றதை இலக்கத்தாலும் எழுதி அச்சுக்கு அனுப்பினோம். இரண்டு எண்கள் அடுத்தடுத்து வரும் இடத்திலெல்லாம் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடிய வேறு சிலவும் உண்டு. 'லி' என்று முடியும் வினையடைக்குப் பின்னால் கோடு வேண்டாம்: எ நியூலி பில்ட் பிரிட்ஜ். அந்த விகுதியே எந்தச் சொல்லோடு சேர்வது என்று காட்டிவிடுகிறது. 'எ வெல்-நோன் ஆக்டர்' என்பதில் கோடு உண்டு. 'தி ஆக்டர் இஸ் வெல் நோன்' என்பதில் இல்லை. வயது இரண்டு வந்தால் முதல் எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடு தொங்கவிட வேண்டும். 12 என்ற எண்ணை ஒட்டி ஒரு கோடு, பிறகு இடைவெளி, 'அண்ட்', அதன்பின் 14-இயர்-ஓல்ட். விளையாட்டுச் செய்தி எழுதுபவர்கள் 'ரிசைன்', 'ரீ-சைன்' இரண்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். முதலாவதில் பயிற்சியாளர் பதவி விலகுகிறார், இரண்டாவதில் மீண்டும் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். எழுத்து ஒன்றே, இடையில் உள்ள கோடுதான் அவரை வேலையில் வைத்திருக்கிறது.

இதற்கு அப்பால் நிலம் உறுதியாக இல்லை. வழக்கம் நம் கண் முன்னாலேயே மாறிக்கொண்டிருக்கிறது. ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி தன் 2007 பதிப்பில் ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து ஹைபனை எடுத்துவிட்டது. ஐஸ் கிரீம் இரண்டு சொல்லானது, பம்பிள்பீ ஒரே சொல்லானது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு 2011-இல் 'இமெயில்' என்பதிலிருந்த கோட்டை எடுத்தது. 2019-இல் 'ஃபர்ஸ்ட் குவார்ட்டர்' போன்று பழகிப்போன அடைமொழிகளுக்குக் கோடு தேவையில்லை என்று அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே ஆண்டிலேயே அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. தொழிலின் தலைமைக் கையேடே ஓராண்டுக்குள் இரு பக்கமும் நின்றிருக்கிறது என்றால், 'வைஸ்-சான்சலர்' என்பதில் கோடு வேண்டுமா, 'பத்து கோடி ரூபாய்த் திட்டம்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது எண்ணுக்கும் கோடிக்கும் நடுவில் கோடு வேண்டுமா என்பதற்கெல்லாம் என்னால் ஒரே விடை தர முடியாது. 'போலீஸ் செட்' என்று தொடங்குவதா, 'தி போலீஸ் செட்' என்று தொடங்குவதா என்பதும், 'எ ஹிஸ்டாரிக்', 'ஆன் ஹிஸ்டாரிக்' என்பதும் அப்படித்தான். 'ஹிஸ்டாரிக்' என்பதற்கு முன்னால் எனக்கு 'எ'தான் பிடிக்கும். ஹகரத்தை வாய்விட்டுச் சொல்கிறோம் அல்லவா. நீங்கள் எழுதும் பத்திரிகைக்குக் கையேடு இருந்தால் அது சொல்வதே முடிவு. இல்லாவிட்டால் ஒரே செய்திக்குள் இரண்டு விதமாக எழுதாமல் இருந்தால் போதும்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன், புதிதாக வந்தவர்களுக்கு நான் கொடுத்தது இது. ஆங்கில நாளிதழின் விபத்துச் செய்தி ஒன்றை எடுத்து, அதிலுள்ள 'எ', 'ஆன்', 'தி', ஹைபன் அத்தனையையும் வெள்ளை மையால் அழித்துவிடுங்கள். மறுநாள் அந்த இடங்களை நீங்களே நிரப்புங்கள். மூலத்தோடு ஒப்பிட்டு, மாறுபட்ட இடங்களில் மட்டும் 'வாசகர் எது என்று கேட்பாரா?' என்று யோசியுங்கள். நாளுக்கு ஒரு செய்தி போதும். இரண்டு மாதங்களில் தங்கள் காப்பியில் திருத்தம் பாதியாகக் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விபத்துச் செய்தியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் எல்லாரும் எல்லாமும் வாசகருக்குப் புதிதாக அறிமுகமாகின்றன; ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அரசியல் செய்தியில் பாதிப் பெயர்களை வாசகர் முன்பே அறிவார்.

மகள் பற்றிய வரியில் உங்கள் திருத்துநர் ஏன் வெறும் கேள்விக்குறி போட்டார் என்பது இப்போது புரிந்திருக்கும். 'எ டாட்டர் ஆஃப் தி டிசீஸ்ட்' என்றால் இறந்தவருக்கு வேறு மகள்களும் உண்டு. 'தி டாட்டர்' என்றால் இந்த ஒருத்திதான். உங்கள் தமிழ்க் காப்பியில் 'இறந்தவரின் மகள்' என்று மட்டும் இருக்கிறது. அவருக்கும் விடை தெரியவில்லை, எந்த இலக்கண நூலிலும் அது இல்லை. நிருபரை அழைத்து அந்தக் குடும்பத்தில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள்; ஒருத்தி என்றால் 'தி', இரண்டு பேர் என்றால் 'எ'.